‘தோசை என்னாச்சு?’ என்று எத்தனை முறை கேட்கலாம்?

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் டீ குடித்துவிட்டு கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறோம். திரையில் வட்டம் சுற்றுகிறது. பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. கடைக்காரரின் ஸ்பீக்கர் பெட்டி மட்டும் பேசவில்லை. 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, நாடு முழுக்கப் பலருக்கும் இதே நிலைதான். யுபிஐ சில மணி நேரம் தடுமாறியது. அதை நடத்தும் என்பிசிஐ பின்னர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. சில வங்கிகளின் மென்பொருள்கள் ‘அந்தப் பரிவர்த்தனை என்னாச்சு?’ என்ற விசாரணையை, பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்து, திரும்பத் திரும்ப அனுப்பி அமைப்பையே மூழ்கடித்திருந்தன. விசாரித்தவர்களின் நெரிசலில் வேலை நின்றுபோனது.

இன்னொரு கணினியின் ஏபிஐயோடு, அதாவது அது கோரிக்கைகளை ஏற்கும் வாயிலோடு, பேசும் மென்பொருளுக்கு மூன்று வகைப் பதில்கள் வரலாம். முதலாவது, முடிந்தது. இரண்டாவது, முடியாது: யுபிஐயில் இசட்9 என்றால் கணக்கில் போதிய பணமில்லை, இசட்எம் என்றால் பின் எண் தவறு. அதே கோரிக்கையை மறுபடி அனுப்புவதில் பொருளில்லை. பயனருக்கு உடனே சொல்லிவிட வேண்டும். மூன்றாவது மௌனம். கோரிக்கை போய்ச் சேரவில்லையா, அல்லது வேலை முடிந்து பதில்தான் வழியில் தொலைந்ததா? இங்கிருந்தபடி அறிய வழியில்லை. இந்த மௌனத்தைத் ‘தோல்வி’ என்று எழுதுவதே இப்படிக் கோரிக்கை அனுப்பும் மென்பொருள்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. அதை நம்பி மறுபடி பணம் அனுப்புகிறவருக்கு ஒரு டீக்கு இரண்டு டீயின் காசு போகிறது.

சாயங்கால டிபன் கடையை நினைத்துப் பாருங்கள். ஒரே தோசைக்கல், ஒரே மாஸ்டர். தோசை தாமதமானால் ‘மாஸ்டர், என்னாச்சு?’ என்று ஒருவர் கேட்கிறார். பதில் சொல்ல அவர் திரும்பும் நேரத்தில் கல்லிலிருப்பது கருகுகிறது, தாமதம் கூடுகிறது, இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள். சரி, ஆளுக்கு 90 விநாடி பொறுங்கள் என்று சட்டம் போட்டால்? கரண்ட் போய் வந்த நொடியில் ஆயிரம் பேர் காத்திருந்தால், மிகச் சரியாக 90-ஆம் விநாடியில் ஆயிரம் பேரும் ஒரே குரலில் கேட்பார்கள். முதலில் 1, பிறகு 2, 4, 8 நிமிடம் என்று இடைவெளியை இரட்டித்தாலும், சேர்ந்து பொறுத்தவர்கள் சேர்ந்தேதான் திரும்புவார்கள். கூட்டத்தைக் கலைப்பது ஒழுங்கு அல்ல, ஒழுங்கின்மை. ஒவ்வொருவரும் அந்த 90 விநாடிக்குள் மனம்போன ஒரு கணத்தைத் தேர்ந்தெடுத்தால், விநாடிக்குச் சராசரியாகப் பதினோரு குரல்தான். யாரும் யாரோடும் கலந்து பேசவில்லை, தலைமை இல்லை, ஆனாலும் வரிசை உருவாகிவிடுகிறது. இந்தத் தற்செயல் குலுக்கலுக்கு இப்படியொரு பயன் இருப்பது எத்தனை அழகு! கூடவே, மாஸ்டரிடம் போகும் ஆர்டர் சீட்டில் எண் வேண்டும். பரிமாறுகிறவர் அதே எண்ணோடு மறுபடி சீட்டைக் கொடுத்தால், மாஸ்டர் இரண்டாவது தோசை ஊற்றமாட்டார். மறுமுயற்சியில் பழைய அடையாள எண்ணையே அனுப்ப வேண்டும் என்பது இதனால்தான்.

வரலாறு வேண்டுவோருக்கு: 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் அலோகாநெட் வானொலி வலையமைப்பு, செய்திகள் மோதினால் தற்செயல் இடைவெளி விட்டு மறுபடி அனுப்பியது, ஈதர்நெட் அந்த உத்தியை மெருகேற்றியது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

இந்தக் குலுக்கலுக்குப் பதில் பெரிய சர்வர் கணினிகளை வாங்கிவிடலாமே என்பார்கள். ஆனால் மறுமுயற்சி கூடுவதில்லை, பெருகுகிறது. செயலி மூன்று முறை, அதன் வங்கி ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை, அடுத்த அடுக்கு மூன்று முறை என்றால், ஒரே விரல் தொடுகைக்கு 27 கோரிக்கைகள். கோளாறு நேரத்தில் இப்படிப் பெருகும் சுமைக்கு எந்தக் கொள்ளளவும் போதாது. செயற்கை நுண்ணறிவு தானாகச் சரிசெய்துவிடும் என்ற விளம்பரமும் நம்பத்தக்கதல்ல. தொலைந்த பதிலை எந்த நுண்ணறிவாலும் ஊகித்துப் பணக்கணக்கு எழுத முடியாது. பணம் வந்ததா என்று கடைக்காரருக்கு உடனே தெரிய வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் எல்லோரும் ஓயாமல் கேட்டால் யாருக்குமே தெரியாமல் போகிறது என்பதை அந்தச் சனிக்கிழமை காட்டிவிட்டது.

அதன் பிறகு என்பிசிஐ விதித்த கட்டுப்பாடுகளில், ஒரு செயலியில் நாளுக்கு 50 முறைதான் இருப்புத் தொகை பார்க்கலாம் என்பதே தலைப்புச் செய்தியானது. அதைவிட முக்கியமானது, நிலை விசாரணைக்கு வந்த வரம்பு: முதல் விசாரணை 90 விநாடி கழித்து, மொத்தம் மூன்று முறை, இரண்டு மணி நேரத்துக்குள். காலத்தைக் கட்டுப்படுத்திய இந்த விதி சரியானதே. குலுக்கலைச் செயலி எழுதுகிறவர்கள்தான் சேர்க்க வேண்டும். திரையில் ‘தோல்வி’ என்பதற்குப் பதிலாக ‘இன்னும் தெரியவில்லை, மறுபடி செலுத்தாதீர்கள்’ என்று நல்ல தமிழில் எழுதுவதும் அவர்கள் கையில்தான். பணம் கழிந்தும் கடைக்கு உறுதி வராவிட்டால் ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.100 தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் 2019 விதியையும் அதே திரையில் அடுத்த வரியாகப் போடலாம்.