நகரக் குழாயும் உழவர் ஏரியும்

கோபாலபுரத்தில் குழாயைத் திருகும் அங்கத்தினர் அந்நீரின் பிறப்பிடத்தை எண்ணுவதுண்டோ? பூண்டி, புழல் ஏரிகளோடு, 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வீராணம் ஏரியும் 2004 முதல் சென்னையின் தாகம் தீர்க்க உதவி வருகிறது. அதுவோ கடலூர் மாவட்டத்து நெல்வயல்களுக்கு உயிரூட்டும் ஏரி. படிகாரமிட்டுக் கலங்கலைப் படியவைத்து, மணலில் வடித்து, குளோரின் சேர்த்தே நீரை அனுப்புகின்றனர். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினேனும் குழாய்நீரில் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது விதி. ஆயினும், வீட்டின் நிலத்தடித் தொட்டியில் சேறும் அழுக்கும் மண்டியிருப்பின் அக்காப்பு அழிந்துபோகும்; தூயநீரே நோய்க்கு வித்தாகும். உழவரின் பங்கிலிருந்து வந்த நீரை வாயிலில் பாழாக்குதல் முறையன்று. ஆகவே, அங்கத்தினர்காள், தொட்டியை இறுக மூடுவீர். ஆண்டுக்கு இருமுறையேனும் கழுவுவீர்.