ஹெல்மெட்டுக்குள் ஒரு பாட்டு

சித்தப்பாவின் வாக்மேனுக்குத் தோல் உறை உண்டு. அதை பெல்ட்டில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டு, ஆரஞ்சு நிறப் பஞ்சு வைத்த ஹெட்போனைத் தலையில் மாட்டி, ஆர்எக்ஸ் 100ஐ உதைத்துக் கிளப்பினால், திருச்சி உறையூரிலிருந்து பெரம்பலூர் போய்ச் சேர்வதற்குள் 60 நிமிடக் கேசட் ஒன்றின் இரண்டு பக்கமும் ஓடி முடியும். 1988, 89 வாக்கில் அவருக்கு மருந்துக் கம்பெனியில் ரெப் வேலை. துறையூர், முசிறி, பெரம்பலூர் என்று வாரம் முழுக்க வண்டியில்தான் இருப்பார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மருந்துப் பைக்கும் அவருக்கும் நடுவே என்னை உட்கார வைத்துக்கொள்வார்.

வாக்மேனைத் துபாயிலிருந்து வந்த நண்பர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். சோனி கம்பெனி ஜப்பானில் முதல் வாக்மேனை விற்பனைக்கு விட்டது 1979 ஜூலையில். அது எங்கள் தெருவுக்கு வந்து சேரப் பத்து வருடம் ஆயிற்று. பாட்டுக்குத் தனி ஏற்பாடு இருந்தது. நோட்டுத் தாளில் வேண்டிய பாட்டுகளை வரிசையாக எழுதி மெயின்கார்டு கேட் பக்கம் இருந்த ரெக்கார்டிங் கடையில் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் கேசட் கைக்கு வரும். ஒரு பக்கம் 30 நிமிடம்தான் என்பதால் கடைசிப் பாட்டு பெரும்பாலும் பாதியில் அறுந்துபோகும். அந்த அறுந்த இடம் வரைக்கும்தான் அந்தப் பாட்டு என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கும் பாட்டு கேட்கும். அந்த ஹெட்போன் காதை அடைக்காது. மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பாட்டு வெளியே கசியும், வெளியே இருக்கும் லாரி ஹார்ன் உள்ளே போகும். புளியமரங்கள் இருபுறமும் நின்ற ஒற்றைச் சாலை. 40, 45இல் போகும்வரை தாளம் துல்லியமாகக் கேட்கும். 50ஐத் தாண்டினால் வயலின் போய்விடும். 60இல் குரலும் போய், காற்றும் ஆர்எக்ஸின் டூ ஸ்ட்ரோக் சத்தமும் மட்டும் மிஞ்சும். அதனால் பிடித்த பாட்டு வந்தால் சித்தப்பா ஆக்சிலேட்டரை விட்டுவிடுவார். வண்டி தானாக மெதுவாகும். டாக்டரைப் பார்க்க நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் அந்த நாலு நிமிடம் 40ஐத் தாண்ட மாட்டார். பேட்டரி இறங்கினால் பாட்டு இழுக்கத் தொடங்கும்; குரல் கனத்துக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். உடனே பாடாலூரில் டீக்கடையோரம் நிறுத்தி, இரண்டு பேட்டரியையும் பெட்ரோல் டாங்க் மேல் வெயிலில் வைப்பார். டீ குடித்து முடிப்பதற்குள் இன்னும் இரண்டு பாட்டுக்கான உயிர் அதில் வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. சில நாள் வரவும் வந்தது.

தலையில் ஹெல்மெட் கிடையாது. அன்றைக்கு யாருக்கும் கிடையாது.

அதற்குப் பிறகான காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். வாக்மேன் போய் கைப்பேசி வந்தது. அதில் எஃப்எம் கேட்க ஹெட்செட் ஒயரைச் செருகியே ஆக வேண்டும், ஏனென்றால் ஒயர்தான் ஆண்டெனா. உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கண்டிப்பானபோது அந்த ஒயர் பெரிய தொல்லையாயிற்று. ஹெல்மெட்டை இறக்கும்போது ஒரு காதிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். கழற்றும்போது இரண்டிலிருந்தும் பிடுங்கிக்கொள்ளும். போனையே ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே செருகிக்கொண்டு பேசியபடி போகிறவர்கள் பெருகியதும் அப்போதுதான். 2016 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஏர்பாட்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒயர் இல்லாத இயர்பட் என்பது சில வருடங்களில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் எல்லாக் கடையிலும் தொங்கும் சாமானாகிவிட்டது.

என் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். மாதம் ஒருமுறை 350 சிசி புல்லட்டில் திருச்சிக்கு வருகிறான், ஏறத்தாழ 330 கிலோமீட்டர். புளியமரங்கள் போய்விட்டன, நான்கு வழிச்சாலையில் 80, 90இல் வருகிறான். போன பொங்கலுக்கு வந்தபோது ஒரு விஷயம் கவனித்தேன். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவன் உரக்கப் பேசினான். பக்கத்தில் நிற்கும் என்னிடம், எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடுவதுபோலப் பேசினான். “காது கொய்ங்குதும்மா, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்” என்றான். எனக்குத் திக்கென்றது. சித்தப்பாவுக்கு இப்போது 68 வயது. இடது காதில் அந்தக் கொய்ங் நிற்காமல் இருக்கிறது. ராத்திரி ஃபேன் ஓடினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். சத்தத்தைச் சத்தத்தால் மூடவேண்டியிருக்கிறது.

அதன் பிறகுதான் இந்த இயர்பட் விஷயத்தை உட்கார்ந்து படித்தேன், கடைகடையாய்ப் போட்டுப் பார்த்தேன், அவன் பின்னால் உட்கார்ந்து பெரம்பலூர் வரைக்கும் போய்வந்தேன். படித்ததில் முதல் செய்தியே என்னை உலுக்கியது. கிட்டத்தட்ட 65 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால், ஓட்டுகிறவரின் காதில் விழும் பெரிய சத்தம் எஞ்சினுடையது அல்ல, காற்றினுடையது. ஹெல்மெட்டின் கீழ்விளிம்பில், கழுத்துப் பக்கம், காற்று சுழன்று உறுமுகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் முழுமுக ஹெல்மெட்டுக்குள்ளேயே அது 90 டெசிபலைத் தாண்டிவிடும். தொழிற்சாலைச் சத்தத்துக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு இது: 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணி நேரம். 100இல் கால் மணி நேரம்.

இப்போது அந்தக் காற்றின் மேல் பாட்டை ஏற்றிப் பாருங்கள். 95இல் காற்று உறுமும்போது குரல் தெரிய வேண்டுமானால் பாட்டை 100க்குத் தள்ள வேண்டும். திண்டிவனம் வருவதற்குள்ளேயே அன்றைய கணக்கு தீர்ந்து, அதற்கு மேல் இருப்பதெல்லாம் காதுக்குக் கடன். சித்தப்பாவின் வாக்மேன் காற்றிடம் தோற்றது. தோற்றதும் அவர் வேகத்தைக் குறைத்தார். மகனின் இயர்பட் தோற்பதில்லை. வேகத்தைக் குறைக்காமலே ஒலியை ஏற்றிக்கொள்ள முடிகிறது. சிக்கல் இங்கேதான்.

ஆகவே பைக்கில் போட்டுக்கொள்ள இயர்பட் வாங்கப் போகிறவர் கடையில் கேட்க வேண்டியது, பேஸ் எப்படி, சத்தம் எவ்வளவு வரும் என்பதை அல்ல. காற்றை எவ்வளவு அடைக்கும் என்பதைத்தான். மெமரி ஃபோம் என்கிற பஞ்சு முனையை விரலிடுக்கில் உருட்டிச் சிறிதாக்கிக் காதுக்குள் விட்டு, அது விரியும்வரை பிடித்துக்கொண்டால், ஒழுங்காகப் பொருந்திய காதில் 20 டெசிபல் அளவுக்குச் சத்தம் குறையும். 95 என்பது 75 ஆகிறது. அப்புறம் பாட்டு 80இல் இருந்தாலே போதும், வயலின் உட்பட எல்லாம் கேட்கும். பெட்டியோடு வரும் ரப்பர் முனை எனக்குப் பொருந்தியது, மகனுக்குப் பொருந்தவில்லை. ஆளுக்கு ஆள் காதுத் துளை வேறு, ஒரே ஆளுக்கு வலதும் இடதுமே வேறு. பஞ்சு முனையைத் தனியாக வாங்கலாம். வியர்வையில் அது இறுகிப்போகும், சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இந்தச் சின்னச் செலவைத் தவிர்க்காதீர்கள்.

மின்னணு முறையில் சத்தத்தைக் கழிக்கும் ‘நாய்ஸ் கேன்சலிங்’ பற்றி விளம்பரங்கள் நிறையச் சொல்கின்றன. ஒலிப் பொறியாளர் அமர் போஸ் 1978இல் விமானத்தில் வரும்போது ஹெட்போனுக்காக யோசித்தது அது. அடங்கிய, சீரான உறுமலைக் கழிப்பதில் கெட்டி. ஹெல்மெட் காற்றிலும் தாழ்ந்த உறுமலே அதிகம் என்பதால் உதவத்தான் செய்கிறது. ஆனால் காற்று மைக்கின் மேல் நேராக மோதினால் குழம்பி, காதில் டப் டப்பென்று அடிக்கும். முகத்தை மூடாத ஹெல்மெட்டில் அப்படி அடித்தது. நல்ல முழுமுக ஹெல்மெட்டுக்குள் நன்றாக இருந்தது. பஞ்சு அடைப்பதை அடைத்த பிறகு மிச்சத்துக்கு இது என்று வைத்துக்கொள்ளலாம்.

வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதை ஹெல்மெட் போடாமல் கடையில் நின்று தெரிந்துகொள்ள முடியாது. தண்டு தொங்கும் வகை முதலில் வாங்கினோம். ஹெல்மெட்டின் கன்னத்து மெத்தை தண்டை அழுத்திக் காதை வலிக்கவைத்தது. தொட்டால் பாட்டு மாறும் வசதியும் அதில் இருந்தது. தலையைத் திருப்பும்போதெல்லாம் மெத்தை உரசிப் பாட்டு மாறியது. ஒரு வளைவில் அவன் கையை எடுத்துக் காதுக்குக் கொண்டுபோனதைப் பின்னாலிருந்து பார்த்தேன். இறங்கியதும் அந்தத் தொடு வசதியைப் போனில் அணைக்கச் சொன்னேன். கடைசியில் பாடாலூர்ப் பக்கம் ஹெல்மெட்டைக் கழற்றும்போது ஒரு பக்கத்து இயர்பட் மெத்தையோடு வந்து சரளைக்குள் விழுந்தது. சித்தப்பா பேட்டரி காயவைத்த டீக்கடை இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அரை மணி நேரம் தேடினோம், கிடைக்கவில்லை. இப்போது இருப்பது காதுமடலுக்குள்ளேயே படுத்துக்கொள்ளும் சிறிய வகை. வெளியே எதுவும் துருத்தாது. வியர்வைக்கும் தூறலுக்கும் ஐபிஎக்ஸ்4 என்கிற நீர்த்தடுப்புத் தரம் போதும். ஹெல்மெட்டுக்குள் மழை நேரடியாக வருவதில்லை.

ஹெல்மெட்டில் ஒட்டும் ஸ்பீக்கரும், எலும்பு வழியாக ஒலி கடத்தும் வகையும் இருக்கின்றன. இரண்டும் காதைத் திறந்தே வைக்கின்றன. சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரான்ஸில் 2015 ஜூலை முதல் வண்டி ஓட்டும்போது காதில் இயர்போன் மாட்டுவது தடை. ஹெல்மெட்டிலேயே பொருத்திய ஸ்பீக்கருக்கு அனுமதி உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இரண்டு காதிலும் மாட்டக் கூடாது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதும் ஆபத்தான ஓட்டுதலில் சேர்ந்திருக்கிறது. இயர்போன் மாட்டியவர்களைப் போக்குவரத்துக் காவலர்கள் நிறுத்துவதும் உண்டு. அவர்கள் பயம் நியாயமானது. ஊருக்குள், சைக்கிளும் ஆட்டோவும் குறுக்கே வரும் குழந்தையும் இருக்கும் தெருவில், பின்னால் வருவதைக் காதுதான் முதலில் பார்க்கிறது. அங்கே பாட்டு வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. தாம்பரம் தாண்டும்வரை பெட்டியிலேயே இருக்கட்டும் என்று மகனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நெடுஞ்சாலையில் திறந்த காதோடு நாலு மணி நேரம் காற்றை வாங்குவதும் பாதுகாப்பு ஆகாது. அதனால் சாலையில் பஞ்சு இருக்கட்டும், அதில் பாட்டு சன்னமாக இருக்கட்டும். அழைப்பு வந்தால் ஓரமாக நிறுத்திப் பேசவேண்டும்.

எவ்வளவு சன்னம் என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு அளவு வைத்திருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை அவன் கிளம்பும்போது வாசலில் பஞ்சை உருட்டினான். வலது காது, இடது காது. நான் இருபது எண்ணினேன். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டை மாட்டி, சாலையில் வைக்கும் அளவுக்குப் பாட்டை வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றான். புல்லட் ஓடிக்கொண்டிருந்தது.

“சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டியா?” என்றேன். திரும்பவில்லை. பத்தடி தள்ளி நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டியின் ஹார்னை அழுத்தினேன். திரும்பவில்லை. சித்தப்பா கையால் ‘குறை’ என்று சைகை காட்ட, நான் போய் அவன் தோளைத் தட்டினேன். போனை எடுத்து இரண்டு புள்ளி குறைத்தான். மறுபடி முதுகைக் காட்டி நின்றான்.

ஹார்ன் அடித்தேன். திரும்பிப் பார்த்தான்.