ஊமையாகிப்போன கணனியைப் பேச வைப்போம்

பதுளை மாவட்டத்தின் தோட்டப்புறங்களில் இன்று பல லயன் வீடுகளில் பழைய கணனி ஒன்றைக் காண முடிகிறது. கொழும்பில் கடையில் வேலை செய்யும் தம்பி முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்ததாக இருக்கலாம். அலுவலகம் ஒன்று கழித்துவிட்டதாக இருக்கலாம். 2020 இல் கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளையின் படிப்புக்காகக் கடன்பட்டு வாங்கிய பாவித்த பெட்டியாகவும் இருக்கலாம். 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின்னர் புதிய கணனி வாங்குவது நம் போன்றோருக்கு எட்டாத காரியமாகிவிட்டது. எனவே கையில் இருக்கும் பழையதைக் காப்பாற்றுவதே புத்திசாலித்தனம்.

சமூகப் பணியாளராக நான் தோட்டங்களுக்குச் செல்லும்போது இந்தக் கணனிகள் பற்றி அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. "படம் தெரியுது மிஸ், சத்தம் மட்டும் வரல. பெட்டி ஊமையாயிருச்சு." உடனே அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் பதுளை நகருக்கோ பண்டாரவளைக்கோ போகிறார்கள். ஒரு நாள் பேர் போகிறது; பஸ் செலவு போகிறது. திருத்துபவர் கேட்கும் தொகையைக் கேட்டு மலைத்துப்போய், பெட்டியை மூலையில் வைத்துத் துணியால் மூடிவிடுகிறார்கள்.

ஆனால் சத்தம் வராத கணனிகளில் பெரும்பாலானவை பழுதடைந்தவை அல்ல. ஒழுங்குமுறையாக ஒவ்வொன்றாகப் பார்த்தால், காரணத்தை நாமே வீட்டில் கண்டுபிடிக்கலாம். அதற்கு ஆங்கிலப் புலமை தேவையில்லை. பொறுமை இருந்தால் போதும்.

சத்தம் ஏன் இவ்வளவு முக்கியம்?

யுத்தத்தால் பாதிக்கப்பட்ட நமக்குக் கணனியின் சத்தம் பாட்டுக் கேட்பதற்கு மட்டும் உரியதல்ல. 1977 ஆம், 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்று குடியேறிய குடும்பங்கள் பல. யுத்தம் அங்கேயும் அவர்களைத் துரத்தியது. அவர்களில் சிலர் திரும்பவும் ஊவாவின் தோட்டங்களில் உள்ள உறவினரிடமே வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்தவர்களின் பைகளில் நான் கண்டவற்றுள் ஒன்று ஒலிநாடா. கடிதம் எழுதத் தெரியாதவர்களும், எழுதினால் மனம் ஆறாதவர்களும் அந்த நாட்களில் கசெட்டில் பேசி அனுப்பினார்கள். மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் சென்ற தாய்மாரும் பிள்ளைகளுக்கு அவ்வாறே பேசி அனுப்பினார்கள்.

இறந்துபோனவர்களின், காணாமற்போனவர்களின் குரல் இன்று அந்த நாடாக்களில் மட்டுமே இருக்கிறது. நாடாவோ மலைநாட்டின் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து வருகிறது. அதைக் கணனிக்கு மாற்றி வைப்பதற்கு, பழைய கணனியின் ஒலி அட்டையே மிகவும் பொருத்தமான கருவி. இப்போதைய மடிக்கணனிகள் பலவற்றில் அதற்குரிய துளையே இல்லை.

ஒலி அட்டை என்றால் என்ன?

கணனிக்குள் இருப்பவை எல்லாம் இலக்கங்களே. அந்த இலக்கங்களை மின்னலைகளாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புவதும், வெளியிலிருந்து வரும் ஒலியை இலக்கங்களாக மாற்றிச் சேமிப்பதும் ஒலி அட்டையின் வேலை. 1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். கணனியால் 'பீப்' என்று கத்த மட்டுமே முடிந்தது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989 இல் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்ற அட்டையை வெளியிட்ட பின்னரே வீட்டுக் கணனிகளில் ஒலி பரவலாயிற்று. பின்னர் தாய்ப்பலகை எனப்படும் மதர்போர்டிலேயே ஒலிக்கான சில்லைப் பொருத்தலானார்கள். ஆகவே உங்கள் கணனியில் தனி அட்டை இருக்கலாம். தாய்ப்பலகையோடு சேர்ந்த ஒலி வசதி இருக்கலாம். சிலவற்றில் இரண்டும் இருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கணனியைப் போடும்போது கேட்கும் 'பீப்' ஒலி பெட்டிக்குள் உள்ள சிறு ஸ்பீக்கரிலிருந்து வருவது. அது கேட்பதால் ஒலி அட்டை வேலை செய்கிறது என்று எண்ண வேண்டாம்.

முதலில் வெளியே பாருங்கள்

ஸ்பீக்கரின் விளக்கு எரிகிறதா, அதன் குமிழ் திருப்பப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அடுத்து அதன் வயரைக் கணனியிலிருந்து கழற்றி, ஹெட்போன் துளை உள்ள வானொலியிலோ கைத்தொலைபேசியிலோ செருகுங்கள். அங்கும் சத்தம் வராவிட்டால் குறை ஸ்பீக்கரில்தான். கணனியைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே சத்தம் வந்தால் குறை கணனிப் பக்கம்.

பின்பக்கத் துளைகளின் நிறங்களைப் பாருங்கள். பச்சை ஸ்பீக்கருக்கு. இளஞ்சிவப்பு மைக்குக்கு. இளநீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே எடுப்பதற்கு. இதனை 'லைன் இன்' என்பார்கள். 1990களின் இறுதியிலிருந்துதான் இந்த நிறங்கள் பொது வழக்காயின. அதற்கு முந்திய அட்டைகளில் நிறம் இராது. துளையின் அருகே சிறு சித்திரம் பொறிக்கப்பட்டிருக்கும். வீடு கூட்டும்போது வயரைக் கழற்றி மறுபடி மாற்றிச் செருகிவிடுவதே பல வீடுகளில் நடப்பது.

விசைப்பலகை, மவுஸ் செருகும் இடத்திற்கு அருகே உள்ள ஒலித் துளைகள் தாய்ப்பலகைக்கு உரியவை. அதற்குக் கீழே தனியாக நீண்ட இடைவெளிகளில் இருப்பவை ஒலி அட்டைக்கு உரியவை. இரண்டு இடத்திலும் பச்சைத் துளை இருந்தால், ஒன்றில் சத்தம் வராவிட்டால் மற்றதில் செருகிப் பாருங்கள். பலருடைய பிரச்சினை இத்துடன் தீர்ந்துவிடும்.

அடுத்து திரையில் பாருங்கள்

திரையின் வலது கீழ் மூலையில், மணிக்கூட்டின் அருகே சிறு ஸ்பீக்கர் படம் இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பியில் அதை இருமுறை அழுத்தினால் பல நிரல்கள் கொண்ட கட்டம் திறக்கும். எந்த நிரலின் கீழாவது 'மியூட்' என்பதில் அடையாளம் இடப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். முதலாவது நிரல் உயர்ந்திருந்தாலும் 'வேவ்' என்ற நிரல் அடியில் கிடந்தால் சத்தம் வராது. இரண்டையும் உயர்த்துங்கள். விண்டோஸ் 7 இல் அதே படத்தை மவுஸின் வலது பொத்தானால் அழுத்தி, 'பிளேபேக் டிவைசஸ்' என்பதைத் திறந்து, நீங்கள் வயர் செருகியிருக்கும் சாதனம் தெரிவாகியுள்ளதா என்று பாருங்கள்.

இன்னும் சத்தம் வராவிட்டால் 'டிவைஸ் மனேஜர்' என்ற பட்டியலுக்குப் போக வேண்டும். 'மை கம்பியூட்டர்' படத்தை வலது பொத்தானால் அழுத்தி, 'புரொப்பர்ட்டீஸ்', பின் 'ஹார்ட்வெயார்' என்று சென்றால் எக்ஸ்பியில் அது கிடைக்கும். ஒலிக்குரிய வரியில் சிவப்புப் புள்ளடி இருந்தால் யாரோ அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதை மீண்டும் இயங்கச் செய்யலாம். மஞ்சள் நிறத்தில் ஆச்சரியக்குறி இருந்தால் அதற்குரிய 'ட்ரைவர்' மென்பொருள் இல்லை அல்லது கெட்டுவிட்டது. விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுப்பவர்கள் ஒலிக்கான ட்ரைவரைப் போடாமல் விட்டுவிடுவது வழக்கம். கணனியோடு வந்த சீடியில் அது இருக்கும். சீடி தொலைந்திருந்தால், தாய்ப்பலகையில் அச்சிடப்பட்டுள்ள பெயரையும் இலக்கத்தையும் தாளில் குறித்துக்கொண்டு, இணைய வசதி உள்ள ஒருவரிடம் கொடுத்துத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலிருந்து பென் டிரைவில் எடுக்கச் சொல்லுங்கள். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு உதவியை மைக்ரோசொப்ட் 2014 ஏப்ரல் 8 ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. ஆகவே அந்தக் கணனியை இணையத்தில் நேரடியாக இணைக்காதிருப்பதே நல்லது.

சிறிய பற்றரி செய்யும் பெரிய குழப்பம்

சில வருடங்களுக்கு முன் பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றில் உறவினருடன் வாழும் சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார். 2009 இல் காணாமற்போன கணவரின் குரல் உள்ள ஒலிநாடா அவரிடம் இருந்தது. கணவர் தன் தாயாருக்குப் பேசி அனுப்பியது அது. பக்கத்து வீட்டுக் கணனியில் அதை ஏற்றிவைக்க முயன்றபோது சத்தம் நின்றுபோயிருந்தது. நகரத்துக் கடையொன்றில் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும் என்று கூறியிருந்தார்கள். அவர் வீட்டின் ஒரு மாதச் சம்பளத்தை விட அந்தத் தொகை அதிகம்.

அந்தக் கணனியைப் போட்டபோது திகதி பல வருடங்கள் பின்னால் காட்டியது. அதுவே போதுமான அடையாளம். தாய்ப்பலகையில் வட்டமான 3 வோல்ட் பற்றரி ஒன்று இருக்கும். அதன் இலக்கம் சி.ஆர். 2032. மின்சாரம் இல்லாத வேளையிலும் கணனியின் அடிப்படை ஒழுங்குகளை நினைவில் வைத்திருப்பது அதுவே. அது செத்துவிட்டால், ஒவ்வொரு முறை மின்சாரம் போகும்போதும் ஒழுங்குகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். இந்தக் கணனியில் தனி ஒலி அட்டை இருந்தது. அதற்காக நிறுத்திவைக்கப்பட்டிருந்த தாய்ப்பலகை ஒலி தானாக மீண்டும் இயங்கி, சத்தம் வேறு துளைக்குப் போய்க்கொண்டிருந்தது.

பற்றரியை மாற்றி, தனி அட்டையைத் தெரிவுசெய்ததும் சத்தம் வந்தது. அந்தப் பற்றரி கைக்கடிகாரம் திருத்தும் கடைகளிலும் கிடைக்கும்.

பெட்டியைத் திறக்க வேண்டிவந்தால்

மின்தொடர்பைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் பொறுங்கள். பெட்டியின் உலோகப் பாகத்தைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னை இறக்கிவிடுங்கள். மின்சாரம் வழங்கும் சிறு பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அதில் உயிராபத்து உண்டு.

மலைநாட்டின் பனியும் ஈரமும் ஒலி அட்டையின் பொன்னிறத் தகடுகளில் மங்கலை ஏற்படுத்தும். அட்டையின் திருகாணியைக் கழற்றி, நேராக மேலே இழுத்தெடுத்து, தகடுகளைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டு மறுபடி இறுகப் பொருத்துங்கள். சுத்தம் செய்த பின்னர் சத்தம் நின்றிருந்தால், தாய்ப்பலகையில் முன்பக்க ஹெட்போனுக்கான ஊசிகளைக் கவனியுங்கள். பழைய பலகைகளில் அந்த ஊசிகளை இணைக்கும் இரண்டு சிறு தொப்பிகள் இருக்கும். அவை விழுந்துவிட்டால் பின்பக்கத் துளையில் சத்தம் வராது.

பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் ஊவாவில் பின்னேரங்களில் இடிமின்னல் அதிகம். வானம் இருட்டும்போதே பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மூடினால் மட்டும் போதாது.

இவ்வளவும் செய்தும் பயனில்லை என்றால் அட்டை உண்மையிலேயே பழுதாகியிருக்கலாம். அப்போதும் தாய்ப்பலகையை மாற்ற வேண்டாம். விரல் அளவான யூ.எஸ்.பி. ஒலிக்கருவி ஒன்று மிகக் குறைந்த செலவில் கிடைக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் இளநீலத் துளை இல்லை. ஒலிநாடாவை ஏற்ற வேண்டுமானால் பாவித்த ஒலி அட்டையைத் தேடி வாங்குவதே மேல்.

குரலை ஏற்றி வைத்தல்

கசெட் ரெக்கோடரின் ஹெட்போன் துளையிலிருந்து கணனியின் இளநீலத் துளைக்கு, இருபுறமும் முனையுள்ள வயரால் இணையுங்கள். மைக் துளை மெல்லிய ஒலிக்கு உரியது. அதில் கொடுத்தால் குரல் கரகரத்துக் கெட்டுவிடும். முதலில் சினிமாப் பாட்டுக் கசெட் ஒன்றைப் போட்டுப் பரீட்சித்துப் பாருங்கள். எல்லாம் சரியான பின்னரே அருமையான நாடாவைத் தொடுங்கள். அதற்கு முன் நாடாவின் மேல் விளிம்பில் உள்ள இரு சிறு தகடுகளையும் உடைத்துவிடுங்கள். பின்னர் தவறுதலாக அதன்மேல் பதிவாகாது.

எக்ஸ்பியில் உள்ள ஒலிப்பதிவு மென்பொருள் 60 செக்கன்களில் நின்றுவிடும். 2000 ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்துவரும் 'ஓடாசிட்டி' என்ற மென்பொருளின் பழைய பதிப்பைப் பயன்படுத்துங்கள். 'ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால் அது மின்சாரத்திலிருந்து வருவது. ரெக்கோடரைப் பற்றரியில் ஓடவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். இரண்டு முள் பிளக்கில் ஓடும் கணனிக்கு நிலத்தொடர்பு இல்லை. மூன்று முள் பிளக்குக்கு மாற்றுங்கள். அது உங்கள் உயிருக்கும் பாதுகாப்பு.

நல்ல தரத்தில் ஒரு நிமிடப் பதிவுக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் வேண்டும். 60 நிமிட நாடா ஒரு சீடியில் அடங்கிவிடும். பதிவை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்தபோது லயன்களும் அவற்றில் இருந்த எல்லாமும் மண்ணுக்குள் போயின. ஒரு பிரதி வீட்டிலும், மற்றொன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடமும் இருக்கட்டும்.

சகோதரிகளே, பசறைச் சகோதரியின் நாடாவில் இருந்தது 22 நிமிடப் பேச்சு. தோட்டத்துக் கோயில் திருவிழா பற்றியும், பிறந்த பிள்ளைக்குப் பல் முளைத்தது பற்றியும் அவர் பேசியிருந்தார். அந்தப் பிள்ளை வளர்ந்து தந்தையின் குரலை முதன்முதலாகக் கேட்டது அந்தப் பழைய பெட்டியில்தான். உங்கள் வீட்டு மூலையிலும் துணியால் மூடிய கணனி இருந்தால், கடைக்குத் தூக்கிச் செல்லுமுன் அதன் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். பச்சை வயர் எந்தத் துளையில் இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.