மூங்கில், வைக்கோல், கருப்பட்டி: செலவு குறைந்த கிறிஸ்துமஸ் மரபுகள்

தென் தமிழகத்தில் கிறிஸ்துமஸ் டிசம்பர் 25 ஒரே நாளில் வந்து போகிற பண்டிகை அல்ல. டிசம்பர் முதல் தேதி இரவு வாசலில் நட்சத்திரம் ஏறுவதில் தொடங்கி, ஜனவரி 6 மூன்று அரசர்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரிக்கும் வரை ஐந்து வாரத்துக்கும் மேல் நீள்கிறது. இத்தனை நாளில் குடும்பத்தின் பணம் கரைவது பெரும்பாலும் புத்தாடை, கேக், சீரியல் செட், கறி விருந்து என்று நாலைந்து இனங்களில்தான். பண்டிகைக்கு முகம் தருகிற மற்ற வழக்கங்கள் எல்லாம் நேரத்தையும் உழைப்பையும் கேட்கின்றனவே தவிர, காசைக் கேட்பதில்லை.

நட்சத்திரத்தையே எடுத்துக்கொள்ளலாம். கடையில் தொங்கும் பிளாஸ்டிக் நட்சத்திரங்கள் வருவதற்கு முன்பு அது வீட்டுப் பிள்ளைகளின் கைவேலை. சம நீளத்தில் சீவிய பத்து மூங்கில் குச்சிகள், அரையடியில் ஐந்து சிறு குச்சிகள், நூல்கண்டு, பட்டம் விடும் கலர் பேப்பர், மைதா பசை. வேண்டியது இவ்வளவுதான். ஐந்து குச்சிகளை ஐந்து முனை வரும்படி பின்னிக் கட்டினால் ஒரு சட்டம். அதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டிவிட்டு, நடுவில் குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் சிறு குச்சிகளை முட்டுக் கொடுத்தால் சட்டம் இரண்டு பக்கமும் புடைத்துக்கொள்ளும். தட்டையாகக் கிடந்தது நட்சத்திரமாவது அந்த முட்டுக் குச்சிகளால்தான். பின்பக்கம் பல்ப் நுழைய ஒரு வழி விட்டு மற்றப் பக்கங்களில் தாளை ஒட்டவேண்டும். சட்டம் பல ஆண்டு தாங்கும். ஆண்டுதோறும் மாற்றவேண்டியது தாளை மட்டுமே.

இந்த நட்சத்திரத்துக்கு எதிரி மழை. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் பெய்யும் என்பதால், தாள் நட்சத்திரம் திண்ணைக் கூரைக்குள் ஒதுங்கியே தொங்கவேண்டியிருந்தது. பிளாஸ்டிக் அதன் இடத்தைப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். மின்சாரச் செலவு இன்று பொருட்டே இல்லை. ஐந்து வாட் எல்.இ.டி. பல்பு இரவுக்கு ஆறு மணி நேரம் எரிந்தாலும் முப்பது நாளுக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. அதே கணக்கில் பழைய நாற்பது வாட் குண்டு பல்புக்கு ஏழு யூனிட்டுக்கு மேல் போகும். குண்டு பல்பின் சூட்டில் தாள் கருகும் பயமும் எல்.இ.டி.யில் இல்லை.

பிலிப்பீன்ஸிலும் ஏறக்குறைய இதே முறையில் மூங்கிலும் தாளும் கொண்டு செய்யும் ‘பரோல்’ என்ற நட்சத்திர விளக்குதான் கிறிஸ்துமஸின் அடையாளம். ஜெர்மனியின் மொரேவியத் திருச்சபைப் பள்ளி ஒன்றில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாணவர்களுக்கு வடிவியல் கற்பிக்கத் தாளில் செய்யப்பட்ட பலமுனை நட்சத்திரம் இன்று பல நாடுகளில் வாசல்களில் தொங்குகிறது. கணக்குப் பாடம் பண்டிகைக்கு உதவிய அபூர்வமான இடம் இது.

டிசம்பர் பாதியைத் தாண்டும்போது கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கும். சபையின் இளைஞர்களும் பாடகர் குழுவும் இருட்டிய பிறகு தெருத்தெருவாகப் போய், வீட்டுக்கு ஒன்றிரண்டு பாட்டுப் பாடி, ஒரு சிறு ஜெபம் செய்து நகர்வார்கள். கூடவே சிவப்பு அங்கியும் முகமூடியும் மாட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிக்கொண்டே பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். தாத்தா யார் என்பதை நடையை வைத்தே தெருப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவது வழக்கம். வீட்டார் தங்களால் இயன்ற காணிக்கையைப் போடுவார்கள். வரிசையின் கடைசி வீடுகளில் சுக்குக் காப்பியோ கட்டன் சாயாவோ காத்திருக்கும். டோலக்கு, கஞ்சிரா, ஜால்ரா, தோளில் தொங்கும் ஒரு ஹார்மோனியம் இருந்தால் போதும் என்றிருந்த இடத்தில் இப்போது பல ஊர்களில் ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும் ஏற்றிய வண்டி முன்னால் போகிறது. பாட்டைவிட ஜெனரேட்டர்தான் தூரத்துக்குக் கேட்கிறது. காசு கூடியதால் தரம் குறைந்த வழக்கம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

பாட்டுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை என்பதற்கு உலகப் புகழ்பெற்ற சாட்சி ஒன்று உண்டு. ‘சைலன்ட் நைட்’ பாடலை ஜோசப் மோர் என்ற இளம் பாதிரியார் 1816இல் எழுதினார். பள்ளி ஆசிரியர் பிரான்ஸ் குரூபர் மெட்டமைக்க, 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் கோயிலில் இருவரும் முதன்முதலாகப் பாடினார்கள். கோயில் ஆர்கனை எலி கடித்துவிட்டது என்பதெல்லாம் பின்னால் ஒட்டிய கதை. ஒரே ஒரு கிதார் துணையோடு அது பாடப்பட்டது என்பது மட்டும் உறுதி.

தமிழில் இந்தப் பாட்டு மரபு இரண்டு கிளையாக ஓடுகிறது. மேலைநாட்டு மெட்டில் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகள் ஒன்று. கர்நாடக ராகங்களில் அமைந்த கீர்த்தனைகள் மற்றொன்று. கீர்த்தனை மரபில் மூத்த பெயர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்று, 1864 வரை வாழ்ந்தவர். இளவரசர் சரபோஜி அவருக்கு உடன் பயின்றவர். ‘பெத்லகேம் குறவஞ்சி’ அவருடைய நூல். குறத்தி குறி சொல்லும் நாட்டு வடிவத்துக்குள் பெத்லகேமைக் கொண்டுவந்த துணிச்சல் அவருடையது. இன்றும் பழைய சபைகளில் ஒரு ஞானப்பாட்டு, ஒரு கீர்த்தனை என்று மாற்றி மாற்றிப் பாடுவதைக் கேட்கலாம். கேட்க நினைப்பவர்கள் கீத ஆராதனைக்குப் போகவேண்டும். ஒன்பது வேத பாடங்களுக்கு நடுவே பாடல்கள் வரும் இந்த வடிவம் 1880இல் இங்கிலாந்தின் ட்ரூரோவில் தோன்றி, 1918இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்குப் போய், 1928 முதல் வானொலி வழியாக உலகெங்கும் பரவியது. பாடகர் குழுச் சிறுவனில் தொடங்கிப் படிப்படியாகப் பெரியவர்கள் வாசிக்கும் முறை இதில் அழகு. தமிழ்நாட்டுச் சபைகள் பலவும் இந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. கட்டணம் கிடையாது.

எல்லா வழக்கங்களிலும் பழமையும் எளிமையும் ஒருங்கே அமைந்தது குடில். இத்தாலியின் கிரேச்சோ என்ற மலைக்கிராமத்தில் 1223ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் அசிசி நகர் பிரான்சிஸ் அமைத்ததுதான் இன்றைய குடில்களின் முன்னோடி. அவர் உள்ளூர்ப் பிரபு ஒருவரிடம் பதினைந்து நாள் முன்னதாகவே சொல்லி வைத்துக் கேட்டவை மூன்று: தீவனத்தொட்டியில் வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. செலானோ நகர் தாமஸ் எழுதிய வரலாற்றில் அந்த இரவில் சிலைகள் பற்றிய பேச்சே இல்லை. தீவனத்தொட்டியின் அருகில் திருப்பலி நடந்தது. சுற்றுப்புற மக்கள் தீப்பந்தம் ஏந்தி வந்தார்கள். பிறகு அந்த வைக்கோலை எடுத்துப் போய் நோயுற்ற கால்நடைகளுக்குக் கொடுத்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். 2019 டிசம்பர் 1 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சோவுக்குப் போய்க் குடிலின் சிறப்பைப் பற்றி ஒரு மடல் வெளியிட்டார்.

தமிழ்நாட்டுக் குடிலில் வைக்கோலோடு பசும்புல்லும் சேர்ந்துகொண்டது. கேழ்வரகையோ கடுகையோ ஓர் இரவு ஊறவைத்து, பழைய தட்டில் இரண்டு விரல்கடை மண் பரப்பி, நெருக்கமாகத் தூவித் தினமும் நீர் தெளித்தால் ஒரு வாரத்தில் பச்சைப் பசேலென்ற வயல் தயார். நெல் விதைத்தால் சில நாள் கூடும். முந்திக்கொண்டு விதைத்துவிட்டால் 24ஆம் தேதிக்குள் தாள் நீண்டு சாய்ந்துவிடும். ஆகவே டிசம்பர் 15, 16 வாக்கில் விதைப்பது சரியாக இருக்கும். மலைக்கு, செம்மண் குழம்பில் தோய்த்து உலர்த்திய சாக்கு. குளத்துக்கு, உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி. அதன் விளிம்பை மணலால் மூடிவிட்டால் கரை வந்துவிடும். பாதைக்கு மரத்தூள். மேய்ப்பர்களுக்கு நடுவே பிளாஸ்டிக் யானையும் சிங்கமும் நிற்கும் வீட்டுக் குடில்கள் ஏராளம். பெத்லகேமில் சிங்கம் ஏது என்று எந்த வீட்டிலும் கேட்பதில்லை.

மண் சுரூபங்கள் வாங்குவதுதான் இதில் ஒரே செலவு. ஒருமுறை வாங்கிப் பத்திரப்படுத்தினால் தலைமுறை தாண்டும். மதுரையை ஒட்டிய விளாச்சேரியில் நவராத்திரிக் கொலு பொம்மைகளையும் விநாயகரையும் செய்கிற அதே குடும்பங்கள்தான் கிறிஸ்துமஸ் குடில் செட்டுகளையும் செய்கின்றன. மரியாள், சூசையப்பர், மேய்ப்பர், ஆடு மாடுகள் எல்லாம் முன்பே இடம்பிடித்தாலும் தீவனத்தொட்டி மட்டும் காலியாக இருக்கும். குழந்தை இயேசுவின் சுரூபம் 24ஆம் தேதி நள்ளிரவில்தான் வைக்கப்படும். மூன்று அரசர்களைத் தூரத்தில் நிறுத்தி, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரி 6 அன்று குடிலுக்குள் சேர்க்கும் வீடுகளும் உண்டு. அந்த வேலை பிள்ளைகளுக்கு உரியது.

பலகாரத்தில், பேக்கரி கேக்கைவிடக் கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்து அடுப்படிதான் சிக்கனம். முந்திரிக்கொத்துக்கு முந்திரியே வேண்டாம். வறுத்து இடித்த பாசிப்பயறு, வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலக்காய், கருப்பட்டி அல்லது வெல்லப் பாகு. மேலே தோய்க்க மஞ்சள்தூள் கலந்த அரிசி மாவு. பாகில் கிளறிய மாவு ஆறினால் உருண்டை பிடிக்க வராது. சூட்டோடு சூடாக உருட்டியாகவேண்டும் என்பதால் ஒருவர் கை போதாது. அதனால்தான் இது அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிச் செய்கிற பலகாரமாக நிலைத்தது. எண்ணெயில் மூன்று மூன்றாகச் சேர்த்துப் போட்டு எடுத்தால் பதினைந்து நாள் கெடாது.

அச்சு முறுக்கின் சங்கதி வேறு. அதற்கு ஓர் இரும்பு அச்சு வேண்டும். காயும் எண்ணெயில் அச்சைச் சூடேற்றி, அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை கரைத்த மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்கவேண்டும். மாவு அச்சின் மேல் விளிம்பைத் தாண்டினால் முறுக்கு கழன்று வராது. புது அச்சு ஒட்டும். எண்ணெய் குடித்துப் பழகிய பழைய அச்சு ஒரே உதறலில் விட்டுவிடும். ஆகவே தெருவில் நல்ல அச்சு வைத்திருக்கும் வீட்டுக்கு டிசம்பர் மூன்றாம் வாரத்தில் கிராக்கி அதிகம். ஒரே அச்சு நாலைந்து வீட்டைச் சுற்றிவரும். கேக் வேண்டும் என்கிறவர்களுக்கும் வழி உண்டு. விசிலும் கேஸ்கட்டும் கழற்றிய குக்கரின் அடியில் மணல் பரப்பி, சர்க்கரையைக் கருக்கி நிறமேற்றிய மாவை உள்ளே வைத்தால் ஓவன் இல்லாத வீட்டிலும் கேக் வெந்துவிடும். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும்: இந்தச் சிக்கனம் முழுக்கப் பெண்களின் முதுகில் ஏறுகிறது. மாவு இடிக்கவும் உருண்டை பிடிக்கவும் வீட்டு ஆண்களும் உட்கார்ந்தால்தான் கணக்கு நேராகும்.

செய்த பலகாரம் 25ஆம் தேதி காலையில் தட்டுத் தட்டாக அண்டை வீடுகளுக்குப் போகும். தீபாவளிக்கு அதிரசமும் ரம்ஜானுக்குப் பிரியாணியும் வந்த வீடுகளுக்கு இது பதில் மரியாதை. தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று கொஞ்சம் சர்க்கரையோ பழமோ வைத்துக் கொடுப்பார்கள்.

கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் நடக்கும் ‘கிறிஸ்மாம் – கிறிஸ்சைல்டு’ விளையாட்டு வேறொரு வகை. சீட்டுக் குலுக்கி யாருக்கு யார் என்று முடிவாகும். கொடுப்பவர் யாரென்று தெரியாமலே துண்டுச் சீட்டுகளும் சின்னச் சின்னக் கட்டளைகளும் வந்தபடி இருக்கும். விடுமுறைக்கு முந்தைய நாள் குட்டு உடையும். பரிசுக்கு உச்சவரம்பை முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளும் குழுக்களில்தான் இது விளையாட்டாக நிற்கிறது. இல்லாவிட்டால் யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்ற ஒப்பீட்டில் போய் முடியும். சபை நாடகங்களுக்கு அந்தக் கவலை இல்லை. மேய்ப்பருக்குத் தலையில் ஒரு துண்டு, அரசருக்கு அம்மாவின் பட்டுச்சேலை, தேவதூதருக்கு அட்டை இறக்கை. ஒப்பனைச் செலவு அதோடு முடிந்தது.

உச்சமான நிகழ்ச்சி 24ஆம் தேதி இரவு. கத்தோலிக்கக் கோயில்களில் நள்ளிரவை ஒட்டித் திருப்பலி நடக்கும். வானவர் கீதம் தொடங்கும்போது மணிகள் ஒலிக்க, குருவானவர் பாலன் இயேசுவைக் குடிலில் கிடத்துவார். வேளாங்கண்ணி போன்ற திருத்தலங்களில் இதற்காகவே ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். சி.எஸ்.ஐ. சபைகள் பலவற்றில் ஆராதனை 25ஆம் தேதி விடியற்காலையில், கோழி கூவும் நேரத்தில். இரண்டுக்கும் அழைப்பிதழ் வேண்டாம், கட்டணம் இல்லை, எந்த மதத்தவரும் போகலாம். நற்கருணை வழங்கும்போது மட்டும் மற்ற சமயத்தவர் தங்கள் இடத்திலேயே அமர்ந்திருப்பது முறை. குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் அரைமணி நேரம் முன்னதாகப் போய்விடுவது நல்லது. அன்று உட்கார இடம் கிடைப்பது கடினம்.