தாழ்த்து வந்த விளையாட்டு

ஒரு பொருளைப் பெற்று நுகர்தலினும், அது வருமென எதிர்நோக்கியிருத்தலே மக்கட்கு மிக்க இன்பம் பயப்பதென்று கூறுவாருளர். இக்கூற்று மெய்யோவென ஐயுறுவார், விடுமுறைக்கு முந்தின இரவில் எம் விடுதிக்கு வந்து காண்பாராக. மறுநாட் காலை ஏறவேண்டிய ரயிலுக்கு மாலையிலேயே பெட்டி கட்டி வைத்து, உறக்கமின்றி உலாவும் மாணவர் முகத்திற் காணும் மலர்ச்சி, வீடு சென்ற பத்தாம் நாளில் அவர்பால் இருப்பதில்லை. எதிர்பார்ப்பு என்பது செலவின்றிக் கிடைக்கும் செல்வம். ஆயின், அச்செல்வத்தையும் விலைப்படுத்தி விற்கும் வாணிகம் ஒன்று இக்காலத்துத் தோன்றியுளது. அதன் இயல்பை உண்மை வரலாறு ஒன்றன் வாயிலாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

யாம் எடுத்துக்கொண்டது, 'சவுத் பார்க்' என்னும் அமெரிக்க நகைச்சுவைக் கார்ட்டூனைத் தழுவிச் செய்யப்பெற்ற வீடியோ விளையாட்டின் வரலாறு. 'சத்தியக் கோல்' எனத் தமிழிற் பெயர்க்கத்தகும் 'தி ஸ்டிக் ஆஃப் ட்ரூத்' என்பது அதன் பெயர். 2011-ஆம் ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பெற்ற அது, 2014-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேதான் மக்கள் கைக்கு வந்தது. அந்நாளில் யாம் சிறு பிள்ளைகளாதலின், காத்திருந்தோர் கூட்டத்தில் இருந்தேமல்லேம். எனினும், எதிர்பார்ப்பின் நன்மையும் தீமையும் ஒருங்கே விளங்கும் வரலாறு இதனின் வேறு எமக்குத் தெரிந்திலது.

முதற்கண் அக்கார்ட்டூனைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கொலராடோ பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்து நண்பராயினர் ட்ரே பார்க்கர், மாட் ஸ்டோன் என்னும் இருவர். அவர்கள் படைத்த இத்தொடர் 1997 ஆகஸ்டு 13-ஆம் நாள் 'காமெடி சென்ட்ரல்' என்னும் தொலைக்காட்சியில் தொடங்கிற்று. கொலராடோ மலைநாட்டிற் பனி மூடிய சிற்றூர் ஒன்று. அவ்வூர்ப் பள்ளியிற் பயிலும் ஸ்டான், கைல், கார்ட்மன், கென்னி என்னும் நான்கு சிறுவர். இவர்களே கதைக்கு உயிராவார். வண்ணக் காகிதங்களைக் கத்தரித்து, இம்மியிம்மியாக நகர்த்திப் படம் பிடித்தே முதற்பகுதி செய்யப்பட்டது. பின்னர்க் கணினியைக் கைக்கொண்டும், அக்காகிதத் தோற்றத்தை அவர்கள் கைவிட்டிலர். அத்தொடரின் மொழி மிகக் கொச்சையானது. எத்தலைவரையும் எச்சமயத்தையும் அது எள்ளாது விடுவதில்லை. எம் சமயமும் அதற்கு விலக்கன்று. ஆதலின் அது சிறுவர்க்குரிய சித்திரமென எவரும் கருதற்க. அதனைப் புகழ்தற்கும் யாம் இதனை எழுதவில்லை.

நிற்க. தொலைக்காட்சியிற் புகழ்பெற்ற எதனையும் விளையாட்டாக்கி விற்பது அந்நாட்டு வணிகர் வழக்கம். 1998-ஆம் ஆண்டிலேயே 'அக்லெய்ம்' என்னும் கம்பெனி சவுத் பார்க் பெயரால் ஒரு விளையாட்டை வெளியிட்டது. 1999-இல் வேறு சிலவும் வந்தன. அவை பெயரளவில் சவுத் பார்க் ஆயினும், தோற்றத்திலும் சுவையிலும் அதற்கு அயலானவை. படைத்தோர் இருவர்க்கும் அவை உவப்பளித்தில. பல்லாண்டுகட்குப் பின், 2009-ஆம் ஆண்டளவில், விளையாடுபவரே கதையின் ஒரு பாத்திரமாகிச் செல்லும் வகை விளையாட்டுக்களிற் பேரார்வமுடைய பார்க்கர், அவ்வகையில் வல்ல 'அப்சிடியன்' என்னும் கலிபோர்னியக் கம்பெனியாரைத் தாமே நாடினார். அவர் இட்ட தலையாய நிபந்தனை, விளையாட்டின் தோற்றம் தொலைக்காட்சியிற் காணும் தோற்றத்தினின்று சிறிதும் வேறுபடலாகாது என்பதே.

கேட்டற்கு எளிதாகத் தோன்றும் இந்நிபந்தனை செய்தற்கு அரியதாயிற்று. பிற விளையாட்டுக்களில் உருவங்கள் உயிருள்ளன போல் இயங்குமாறு செய்தலே திறமை எனப்படும். இங்கோ, காகிதத் துண்டுகள் தத்தித் தத்தி நடக்கும் அழகின்மையையே அழகாகக் காட்டுதல் வேண்டும். மேலும், கதையில் ஒரு காட்சிக்கும் மறு காட்சிக்கும் இடையே உள்ள தெருவைக் காட்டாது விடலாம். விளையாட்டிலோ விளையாடுபவன் அத்தெருவழியே நடந்தன்றோ செல்லவேண்டும்? பல்லாண்டுகளாகக் கதை நிகழ்ந்தும், அவ்வூரின் எவ்வீடு எவ்வீட்டிற்கு அடுத்துள்ளதென்பது வரையறுக்கப்படவில்லை. அவ்வூருக்கு ஒரு நிலப்படம் முதன்முதலாக அவ்விளையாட்டின் பொருட்டே வகுக்கப்பெற்றது. ஊருக்குப் புதிதாகக் குடிவந்த சிறுவன் ஒருவன், ஊர்ப்பிள்ளைகள் மந்திரவாதிகளாகவும் வனதேவர்களாகவும் வேடம் பூண்டு, ஒரு சுள்ளியை உலகாளும் கோலென்று கூறிப் போரிடும் ஆட்டத்தில் நுழைவதே கதை.

அறிவிப்பு வெளியானபொழுது, 2012-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விளையாட்டு வருமெனக் கூறப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலிசில் நடைபெற்ற பெருங்கண்காட்சியிற் பார்க்கரும் ஸ்டோனும் தாமே மேடையேறி அதனை அறிமுகப்படுத்தினர். பின்னர், 2013 மார்ச்சு 5-ஆம் நாள் குறிக்கப்பட்டது. அந்நாளும் வரவில்லை. காரணம், விளையாட்டிற்குப் பொருளுதவிய 'டி.எச்.க்யூ.' என்னும் கம்பெனியே வீழ்ந்தமை. வீடியோ விளையாட்டுக் கருவிகளோடு இணைத்துப் படம் வரையும் பலகை ஒன்றை அக்கம்பெனியார் பெருந்தொகையிற் செய்து குவித்து, விலைபோகாமற் பெருநட்டமுற்றிருந்தனர். 2012 டிசம்பர் 19-ஆம் நாள் அவர்கள் கடன்தீர்க்க இயலாமையை நீதிமன்றத்தில் அறிவித்துக்கொண்டனர்.

அதன்பின் நிகழ்ந்தது நம் ஊர்களில் நொடித்துப்போன கடையின் பொருள்களை ஏலமிடுதல் போன்றதே. 2013 ஜனவரியில் அக்கம்பெனியின் கிளைகளும் முடியாத விளையாட்டுக்களும் தனித்தனியே விலை கூறப்பட்டன. ஒரு கிளை ஜப்பானியரின் 'சேகா'வுக்கும், மற்றொன்று ஜெர்மானியரின் 'கோக் மீடியா'வுக்கும் சென்றன. சவுத் பார்க் விளையாட்டைப் பிரெஞ்சுக் கம்பெனியாகிய 'யூபிசாஃப்ட்' ஏறத்தாழ 32 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்கு வாங்கிற்று. சவுத் பார்க் உரிமையாளர், தமக்குச் சேரவேண்டிய தொகை சேரவில்லையென்றும், தம் இசைவின்றி அதனைப் பிறர்க்கு விற்றல் தகாதென்றும் வழக்காடி, முடிவிற் சமாதானமாயினர். இத்தனையும் நிகழுங்கால், முடியாத அவ்வேலையை முடிக்க முயன்றுகொண்டிருந்த தொழிலாளர் நிலை யாதாயிருக்கும் என்பதை வாசகர் எண்ணிப் பார்ப்பாராக. தாம் செய்யும் பொருளை நாளை யார் வாங்குவர், வாங்குவார் உளரோ என்பதும் அறியாமலே அன்றோ அவர்கள் ஒவ்வொரு நாளும் வேலைக்குச் சென்றிருப்பர்!

வாங்கிய புதுக்கம்பெனியார் 2013 டிசம்பர் 10-ஆம் நாளைக் குறித்தனர். ஆனால், அக்டோபர் 31-ஆம் நாள், மேலும் திருத்தவேண்டியது உளதெனக் கூறி, 2014 மார்ச்சு 4-ஆம் நாளுக்குத் தள்ளிவைத்தனர். கிறிஸ்துமஸ் காலமே அந்நாடுகளில் விற்பனை மிகும் காலம். அக்காலத்தை இழந்தேனும் குறைதீர்த்து வெளியிடுவோம் என்று துணிதல் வணிகர்க்கு எளிதன்று. 'ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவேண்டும்' என்னும் நம் பழமொழியை நினைப்பிக்கும் செயலிது. குறித்த நாளில் விளையாட்டு வந்தது; தோற்றம் தொலைக்காட்சியினின்று வேறுபடவில்லையென மதிப்புரையாளர் பலரும் பாராட்டினர். ஐரோப்பாவின் சில பதிப்புக்களில் மட்டும் தகாத காட்சிகள் சில நீக்கப்பட்டன. நீக்கிய இடத்தில், நாணி முகம் பொத்திய சிலையொன்றின் படத்தை வைத்து, அங்கு நிகழ்வதை எழுத்தாற் கூறியும், தணிக்கையையே நகைச்சுவையாக்கிக் கொண்டனர்.

இனி, வியத்தற்குரிய செய்தி ஒன்று. காத்திருப்போரின் பேதைமையை எள்ளி நகைத்தவர் பிறரல்லர், அத்தொடரைப் படைத்தோரே. 2006 நவம்பரில் வந்த கதையொன்றில், 'வீ' என்னும் புதிய விளையாட்டுக் கருவி விற்பனைக்கு வர இன்னும் மூன்று வாரமிருத்தலைப் பொறாத கார்ட்மன், அதுவரை உறைந்து கிடக்கக் கருதித் தன்னைப் பனியிற் புதைக்குமாறு தோழனை வேண்டுகின்றான். பனிச்சரிவு மூடிவிடவே, அவன் விழித்தெழுவது 2546-ஆம் ஆண்டில். மூன்று வாரம் பொறாதவன் ஐந்நூறு ஆண்டுக்கு அப்பாற் சென்று, அக்கருவியைப் பொருட்காட்சிச் சாலையிற் கண்டும் ஆடப்பெறாது வருந்துகின்றான். எதிர்நோக்கியிருக்கும் நாளை வாழும் நாளாகக் கருதாதவன் இரண்டையும் இழப்பான் என்பதை இதனினும் நன்றாக ஒரு பிரசங்கமும் உணர்த்தாது.

தம் விளையாட்டையும் அவர்கள் விட்டாரல்லர். அது ஏறத்தாழ மூன்று மாதம் தள்ளிவைக்கப்பட்ட அடுத்த மாதமே, 2013 நவம்பரில் தொடங்கி, அவ்விளையாட்டில் வரும் வேடங்களோடு சிறுவர்கள் தோன்றும் தொடர்கதை மூன்று பகுதிகளாக வந்தது. அதில் ஒரு பிள்ளை, வரவிருக்கும் விளையாட்டிற்கு முன்பணம் கட்டியதைப் பற்றிப் பேச, முன்பணம் கட்டுவோர்க்குக் கிடைப்பது யாதெனக் கார்ட்மன் விடை கூறுகின்றான். அவ்விடை இம்மலரில் அச்சிடத் தக்கதன்று. ஒன்றும் கிடையாது என்பதே அதன் பொருளெனக் கொள்க. மூன்றாம் பகுதியின் இறுதியில், சண்டையிட்டு ஓய்ந்த சிறுவர்கள், 'இத்தனை நாளும் நாம் வெளியில் ஓடியாடி, நம் கற்பனையாலேயே மகிழ்ந்திருந்தோமே. ஒரு சுள்ளி போதாதோ?' என்னும் கருத்துப்பட முடிவுக்கு வருகின்றனர். தம் பொருள் விற்பனைக்கு வருமுன்னரே, அது வேண்டியதில்லை என்று கூறத் துணிந்தாரே!

இவ்விடத்தில் முன்பணம் என்பதன் இயல்பை விளக்குதல் கடன். முன்னாளில் விளையாட்டுக்கள் பெட்டிகளில் அடைத்துக் கடைகளில் விற்கப்பட்டன. கடையிலுள்ள படிகள் தீர்ந்துபோமாதலின், முன்னரே சொல்லி வைத்தல் பயனுடையதாயிருந்தது. இக்காலத்தோ, பெரும்பாலான விளையாட்டுக்கள் இணையத்தின் வாயிலாக வருவன. ஒருவர் பெறினும் கோடிப்பேர் பெறினும் அவை குறைவதில்லை. குறையாத பொருளுக்கு இடம்பிடித்து வைப்பானேன்? ஆயினும் முன்பணம் கேட்கின்றனர். விற்பவர்க்கு இதனாற் பயன் இரண்டு: பொருள் எவ்வளவு விலைபோகும் என்பதை முன்னரே அறிவர், மதிப்புரைகள் வெளிவந்து குறைகள் தெரியுமுன்னரே பணத்தைப் பெறுவர். வாங்குபவர்க்கோ, புதிய உடை, புதிய ஆயுதம் என விளையாட்டினுள் ஏதோ சில அணிகலன் கிட்டும்.

எம்முடன் விடுதியில் உறையும் தோழர் ஒருவர், சென்ற ஆண்டு வேறொரு விளையாட்டிற்கு இவ்வாறு முன்பணம் கட்டினார். அவர் தந்தையார் தையற்றொழிலாளி. கட்டிய தொகை, விடுதிச் சாப்பாட்டிற்கென வீட்டினின்று வந்த பணத்தில் ஒரு பகுதி. விளையாட்டு வந்த நாளில் எம் அறையிற் கூட்டம் கூடிற்று. அது தொடங்கித் தொடங்கி நின்றது. அவருடைய பழைய கணினியில் இறுதிவரை ஓடவேயில்லை. பணம் திரும்பப் பெறும் தவணையும், குறை தீருமெனக் காத்திருந்த நாட்களிற் கழிந்தது. அவர் சிரித்துக்கொண்டார். ஆனால், இரண்டு மாதம் மாலைத் தேநீர் வேளையில், தமக்குத் தலைவலியென்று கூறி அறையிலேயே இருந்தார். காரணத்தை யாம் அறிந்தது பின்னரே. அவரைப் பேதை என்று கூற எமக்கு நா எழவில்லை. அவர் விரும்பியது தீய பொருளன்று, விரும்பியதை நம்பினார், அவ்வளவே.

நம்பிக்கையிற் பிழையில்லை, எதனை நம்புவதென்பதிலேயே பிழை நேர்கின்றது. பெயர் ஒன்றாயிருத்தலால் பொருளும் ஒன்றாயிராது. சவுத் பார்க் வரிசையில் அடுத்த விளையாட்டு 2016 டிசம்பரில் வருமெனக் கூறப்பட்டு, 2017 அக்டோபர் 17-ஆம் நாள் வந்தது. அதனைச் செய்தது அப்சிடியன் அன்று, யூபிசாஃப்டின் சான் பிரான்சிஸ்கோ கிளை. 2024 மார்ச்சில் வந்த 'ஸ்னோ டே' என்பதை வேறொரு குழுவினர் செய்தனர். முன்னைய இரண்டும் பெற்ற பாராட்டை அது பெற்றிலது. மூன்றிற்கும் பெயர் ஒன்று. செய்த கைகளோ வேறு. பெயரை நோக்கி முன்பணம் கட்டியவர், அறியாத கைகளை நம்பியே கட்டினாராவர்.

ஆதலின், மாணவ நண்பர்களே, எதிர்நோக்குதலை யாம் விலக்கவில்லை. ஒரு நல்ல நூலுக்கோ, நாடகத்துக்கோ, விளையாட்டுக்கோ ஆர்வத்தோடு காத்திருத்தல் இளமைக்குரிய பேறு. தாமதம் நேரின் சினவாது, செய்வோர்க்குக் காலம் கொடுத்தல் பண்பு. ஆனால், நெஞ்சைத் திறந்து வைத்துக்கொண்டு பணப்பையை மூடி வைத்தல் அறிவு. பொருள் வரட்டும், முன் வாங்கினோர் நல்லதென்று கூறட்டும், பின்னர் நம் பணமும் செல்லட்டும். வரும்வரையுள்ள நாட்களோ நம்முடையவை. அந்நாட்களில் விளையாடுதற்கு விடுதிக்குப் பின்னுள்ள திடலும், அங்குள்ள வேப்பமரத்தின் கீழ்க் கிடக்கும் சுள்ளிகளும் இன்றும் விலையின்றியே கிடைக்கின்றன. எம் தோழரும் இப்பொழுது மாலை தோறும் அங்கு வருகின்றார்.