பசியாற எங்கே போகலாம்?

காலையில் ஒருவரைச் சந்திக்கும்போது "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பது மலேசியத் தமிழரின் வழக்கம். காலை உணவைக் குறிக்கும் இச்சொல்லில் வயிறு நிறைவது மட்டும் அடங்கவில்லை. உட்கார்ந்து, நாலு வார்த்தை பேசி, பிறகு வேலைக்குப் போவதும் அதில் அடங்கும். பல இன மக்கள் ஒரே கடையில் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவற்றைச் சுவைக்கும் நம் நாட்டின் பசியாறும் பண்பாட்டை யுனெஸ்கோ 2024ஆம் ஆண்டு மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

"சிரம்பானில் சாப்பிட எந்தக் கடை நல்லது?" என்று உள்ளூர்வாசி ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் உடனே கடையின் பெயரைச் சொல்லமாட்டார். "எந்த நேரத்துக்கு?" என்றுதான் முதலில் கேட்பார். காலைக்கு ஒரு கடை, நண்பகலுக்கு ஒரு கடை, மாலைக்கு ஓர் ஒட்டுக்கடை என அவர் மனத்தில் ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியல் எப்படி உருவானது என்பதை அறிய, நெகிரி செம்பிலான் தோட்டங்களின் கதையையும் சேர்த்து அறிய வேண்டும்.

தோட்டம் வகுத்த நேரம்

இம்மாநிலத்தில் ரப்பருக்கு முன்பே காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1890களில் காப்பியின் விலை சரிந்தது. அதன்பின் தோட்ட முதலாளிகள் ரப்பரை நாடினர். 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே தொடங்கிய இரயில் பாதை, ஈயத்தையும் தோட்ட விளைபொருள்களையும் துறைமுகத்திற்குக் கொண்டு சேர்த்தது. ரந்தாவ், லிங்கி, நீலாய், பகாவ் எனப் பல இடங்களில் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் அங்கே லயன் வீடுகளில் குடியேறினர்.

பால் மரம் சீவும் வேலை விடியுமுன்பே தொடங்கும். அதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் மரத்தின் திசுக்களில் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக வடியும். வெயில் ஏறியதும் இலைகள் வழியே நீர் ஆவியாகும். பால் வடிவது குறையும். எனவே, தொழிலாளர்கள் இருட்டிலேயே பிரட்டுக்குச் சென்று, பெயர் கொடுத்துவிட்டுத் தங்கள் நிரைக்குப் போவார்கள். காலை பாதி கழிந்த பிறகுதான் தூக்குச்சட்டியைத் திறந்து பசியாறுவார்கள். பழைய சோறு, கருவாட்டுச் சம்பல், கட்டங்கோப்பி ஆகியவையே பலருக்கு அன்றைய உணவு.

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில், அதாவது 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைப்பது அரிதாயிற்று. மரவள்ளிக்கிழங்குதான் பல குடும்பங்களின் உயிரைக் காத்தது. அன்று வேறு வழியின்றி உண்ட கிழங்கை இன்று தேங்காய்த் துருவலோடும் சம்பலோடும் விரும்பி வாங்கி உண்கிறோம். அக்காலத்தைக் கண்ட முதியவர் சிலர் அதைத் தொடவே மாட்டார்கள். ஒரே உணவு ஒருவருக்குப் பலகாரம். மற்றொருவருக்குத் துயரத்தின் நினைவு.

சந்தையும் சீனர் கடைகளும்

தோட்டத்து மக்களுக்குச் சிரம்பான் என்றால் சம்பளம் வாங்கிய பின் போகும் ஊர். துணிமணி வாங்கி, படம் பார்த்து, வீடு திரும்புமுன் ஏதேனும் ஒரு கடையில் சாப்பிடுவது குடும்பத்திற்கே கொண்டாட்டமாக இருந்தது.

சிரம்பான் பெரிய சந்தையின் மேல்மாடியில் இன்றும் உணவுக் கடைகள் வரிசையாக உள்ளன. சிரம்பானின் புகழ்பெற்ற மாட்டிறைச்சி மீ அங்கே கிடைக்கும். கெட்டியான குழம்பு, வறுத்த வேர்க்கடலை, எள், ஊறுகாய்க் கீரை ஆகியவற்றோடு தடித்த மீ பரிமாறப்படும். இறைச்சிப் பூரணம் வைத்து அடுப்பில் சுட்டெடுக்கும் 'சியூ பாவ்' என்னும் பலகாரமும் இவ்வூரின் அடையாளம். நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர் இதற்காகவே சிரம்பானுக்குள் வந்து, வீட்டிற்குக் கட்டி வாங்கிச் செல்வதுண்டு.

இவ்வுணவுகளை எல்லாரும் உண்பதில்லை. சமயத்தின் காரணமாகச் சிலர் மாட்டிறைச்சியைத் தவிர்ப்பர். சிலர் பன்றி இறைச்சியைத் தவிர்ப்பர். சிலர் வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டுமே உண்பர். ஆயினும், எதை உண்பர், எதைத் தவிர்ப்பர் என்பதை அறிந்து, அதற்கேற்ற கடையைத் தேர்ந்தெடுத்து ஒன்றாக அமர நம் மக்களுக்குத் தெரியும். எல்லாரும் ஒரே உணவை உண்ண வேண்டும் என்பது கட்டாயமில்லை. அருகில் இருப்பவரின் வரம்பை மதித்தால் போதும்.

சிலி ஆப்பியும் வாழையிலையும்

நெகிரி செம்பிலான் என்றால் 'ஒன்பது மாநிலங்கள்' என்று பொருள். சுமத்திராவிலிருந்து வந்து குடியேறிய மினாங்கபாவ் மக்களின் பண்பாடு இங்கு வேரூன்றியது. அவர்கள் தந்த சமையல்தான் 'மாசாக் லெமாக் சிலி ஆப்பி'. தேங்காய்ப் பால், பச்சை மஞ்சள், சிறிய காரமிளகாய் ஆகிய மூன்றும் அதன் உயிர். புகையில் வாட்டிய இறைச்சி, மீன், மூங்கில் குருத்து என எதை வேண்டுமானாலும் அக்குழம்பில் சேர்க்கலாம். பார்வைக்கு மஞ்சளாகச் சாதுவாக இருக்கும். ஒரு வாய் உண்டதும் கண்ணில் நீர் வரும். கம்பத்துச் சாலையோரங்களில் மலாய்ப் பெண்மணிகள் நடத்தும் கடைகளில் நண்பகலுக்குள் சட்டி காலியாகிவிடும். மஞ்சளையும் தேங்காய்ப் பாலையும் சிறுவயது முதல் அறிந்த தமிழருக்கு இச்சுவை அந்நியமானதன்று.

தமிழர் கடைகளில் நண்பகலுக்குரியது வாழையிலைச் சோறு. கூட்டு, பிரட்டல், இரசம், தயிர், அப்பளம் என இலை நிறையும். காலையிலும் இரவிலும் இந்திய முஸ்லிம் கடைகளில் ரொட்டி சானாய் கிடைக்கும். கோதுமை மாவைப் பிசைந்து, உருண்டைகளாக்கி, எண்ணெயில் பல மணி நேரம் ஊறவைப்பார்கள். ஊறிய மாவு இளகி, கிழியாமல் விரியும். அதனால்தான் அதை வீசி, துணிபோல் மெல்லியதாக்க முடிகிறது. தே தாரிக்கும் அவ்வாறே கைப்பழக்கத்தின் பயன். ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்கு உயர்த்தி ஊற்றும்போது தேநீர் ஆறும், நுரையும் எழும்பும்.

புகழ் வேறு, விருப்பம் வேறு

புகழ்பெற்ற கடைக்கு வெளியூர்க்காரர் ஒரு முறை வந்து படம் பிடித்துச் செல்வார். பிடித்த கடைக்கு உள்ளூர்க்காரர் வாரந்தோறும் போவார். "வழக்கம்போலத்தானே அண்ணே?" என்று கடைக்காரர் கேட்பதில்தான் அந்தக் கடையின் சிறப்பு இருக்கிறது. பிள்ளைக்குக் காரம் ஆகாது, பாட்டிக்குச் சீனி கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கையில் காசு குறைந்த நாளில், "பிறகு கொடுங்கள்" என்று சொல்லவும் அவரால் முடியும்.

எனினும், பழக்கம் மட்டுமே அளவுகோலாகிவிடக் கூடாது. உணவைக் கையாள்வோர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். குடற்காய்ச்சல் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். ஊராட்சி மன்றம் வழங்கும் தூய்மைத் தரச் சான்றிதழ் கடையில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நம் உரிமை. 2019ஆம் ஆண்டு முதல் உணவகங்களில் புகைபிடிக்கத் தடை உள்ளது என்பதையும் நினைவில் கொள்க.

நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டுகிறது. வெயிலில் நெற்றி வியர்வை நிலத்தில் விழ உழைத்த தலைமுறைக்குச் சீனி கலந்த கோப்பி தெம்பு தந்தது. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் தலைமுறைக்கு அதே கோப்பி சுமையாகிறது. "என்ன தண்ணி?" என்று கடைக்காரர் கேட்கும்போது "கூராங் மானிஸ்" அல்லது "கோசோங்" என்று சொல்லப் பழகுவது எளிது. கடையையும் விட வேண்டாம். உடலையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறைந்துவரும் கடைகள்

ரப்பர் மரங்கள் இருந்த நிலங்களில் செம்பனை வந்தது. பின்னர், நீலாயிலும் சிரம்பானைச் சுற்றிலும் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. 2020ஆம் ஆண்டு சிரம்பான் மாநகராயிற்று. தோட்டத்து மக்கள் நகரத்தின் அடுக்குமாடி வீடுகளுக்கும் தாமான்களுக்கும் குடிபெயர்ந்தனர். லயன் வீடுகளோடு தோட்டத்துக் கோப்பிக்கடையும் மறைந்தது. கடனுக்குச் சாமான் வாங்கியதைக் குறித்து வைத்த பற்றுப் புத்தகங்களும் போய்விட்டன.

ஆனால், கைப்பக்குவம் முழுமையாகப் போய்விடவில்லை. தாமான் சாலையோரத்தில் காலையில் இட்டிலி, தோசை, நாசி லெமாக் பொட்டலங்கள் விற்கும் அக்காமார் பலர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அங்கே தாயிடம் கற்ற சம்பலே இன்று அவர்களின் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது. பெரிய கடைகளுக்குப் பெயர்ப்பலகை உண்டு. இணையத்தில் இடமும் உண்டு. இத்தகைய ஒட்டுக்கடைகளுக்கு உள்ளவை வாடிக்கையாளரின் நாக்கும் நினைவும் மட்டுமே. அந்த அக்கா ஒரு நாள் கடையை மூடிவிட்டால், அச்சுவை எங்கும் எழுதப்படாமலே போய்விடும்.

ஆகவே, உங்கள் வட்டாரத்தில் உங்களுக்குப் பிடித்த ஒரு சிறு கடையைத் தேர்ந்தெடுங்கள். அதை நடத்துபவர் எந்த ஊரிலிருந்து வந்தார், சமையலை யாரிடம் கற்றார், எத்தனை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறார் என்று பணிவோடு கேளுங்கள். அவர் சம்மதித்தால், சொல்வதைச் சொன்னபடியே எழுதி வையுங்கள். கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போங்கள். அவருடைய பிழைப்புக்கு இடையூறு செய்யாதீர்கள். கேட்டு முடித்ததும், வெறுங்கையோடு திரும்பாமல் ஒரு பொட்டலம் வாங்கி வாருங்கள்.