வயதைக் கழற்றி எறியும் நண்டு

விடியற்காலையில் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரைக்குப் படகுகள் வந்ததும் நண்டு வலைகளைச் சுற்றிக் கைகள் கூடிவிடும். வலையில் பட்ட நண்டு பத்துக் கால்களாலும் தன்னைத்தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். காலோ கொடுக்கோ முறியாமல் அதைக் கழற்றப் பழகிய விரல்கள் வேண்டும். முறிந்தால் விலை விழுந்துவிடும். கூடைக்குள் விழுகிறவற்றில் நீலம் ஓடிய நீண்ட கொடுக்குகளோடு இருப்பது ஆண். பச்சையும் மண்ணிறமும் கலந்து மங்கலாக இருப்பது பெண்.

அந்தக் கூடையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் வரும். இன்றைக்கு இவ்வளவு வந்துவிட்டது; உள்ளே எவ்வளவு இருக்கிறது?

எண்ணிப் பார்க்க வழியில்லை. நோர்வேயின் 'நான்சன்' ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரையும், பிறகு 2018இலும் இலங்கையைச் சுற்றி வந்து, ஒலி அலையைக் கடலுக்குள் அனுப்பி, மீன்கூட்டத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு மீனின் அளவைக் கணித்தது. நண்டிடம் இந்த வித்தை பலிக்காது. பகலெல்லாம் சேற்றுக்குள் உடலைப் புதைத்து, கண்ணை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கிற உயிர் அது. பாக்குநீரிணைப் பக்கத்துக் கடலோ பெரும்பாலும் 15 மீற்றர்கூட ஆழமில்லாதது. பெரிய கப்பலுக்கு ஏற்ற இடமல்ல. ஆகவே இந்தக் கடலின் கணக்கைக் கரையில் வைத்துத்தான், கூடையிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது.

மீனின் வயதை அறிய அதன் தலைக்குள் ஒரு சிறு செவிக்கல் இருக்கிறது. குளிர்ந்த கடல்களில் அதில் மரத்தின் ஆண்டு வளையம்போல வரி விழும். ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான நம் கடலில் அந்த வரி தெளிவாக விழுவதில்லை. நண்டிடம் அதுகூட இல்லை. வளர வேண்டுமானால் அது ஓட்டைக் கழற்ற வேண்டும். முதுகு ஓடு மட்டுமல்ல, கண்ணை மூடிய மெல்லுறை, இரைப்பையின் உட்பூச்சு எல்லாம் சேர்ந்தே கழன்றுபோகும். எந்த வரி விழுந்திருந்தாலும் அந்தக் கூட்டோடு போயிற்று. நண்டு தன் வயதைத் தானே கழற்றி எறிந்துவிடுகிறது. பிறகு தண்ணீரை உறிஞ்சி உடலை உப்பவைத்து, புது ஓடு இறுகும்வரை ஒளிந்திருக்கும். காசு கொடுத்து வாங்கிவந்த நண்டு உடைத்ததும் சதையில்லாமல் தண்ணீராக வடிந்தால், அது அண்மையில் ஓடு மாற்றிய நண்டு.

பெண் நண்டு இணைசேர்வதும் இந்த மெல்லோட்டு நேரத்தில்தான். அவள் ஓடு கழற்றப்போவதை ஆண் முன்கூட்டியே அறிந்து, தன் உடலுக்கடியில் அவளை அணைத்தபடி காத்திருக்கும். அப்போது பெற்ற விந்தைச் சேமித்துவைத்து, காலம் கழித்து அதைக் கொண்டே அவள் சினையிடுவாள். ஒரு தடவைக்கு இலட்சக்கணக்கில், பெரிய நண்டானால் பத்து இலட்சத்துக்கும் மேல். வயிற்று மடிப்பின் கீழே ஒட்டியிருக்கும் அந்தச் சினை முதலில் செம்மஞ்சளாக இருக்கும், பிறகு மண்ணிறமாகும், கடைசியில் கருத்துவிடும். கருப்பாகத் தெரிவது பெரும்பாலும் முட்டைக்குள் உருவாகிவிட்ட குஞ்சுகளின் கண்கள்!

வயதே தெரியாத உயிரின் நிலையை எப்படி அறிவது? ஓர் அளவுகோல் போதும். ஓட்டின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய முட்களின் நுனியிலிருந்து நுனிவரை அகலத்தை அளக்கிறார்கள். மாதந்தோறும் நூற்றுக்கணக்கான நண்டுகளை அளந்து, எந்த அகலத்தில் எத்தனை என்று வரைந்தால் ஒரு மேடு எழும். அடுத்த மாதம் அந்த மேடு சற்று வலப்பக்கம் நகர்ந்திருக்கும். நகர்ந்த தூரம் வளர்ச்சி. மேடு தேய்ந்த அளவு இறப்பு. 1980 வாக்கில் மணிலாவில் டானியல் போலி என்ற மீன்வள அறிஞர் இந்த யோசனையைக் கணினிக்கு ஏற்ற முறையாக்கினார். விலை உயர்ந்த கருவி வாங்க முடியாத வெப்பக்கடல் நாடுகளுக்கு அது பெரிய கொடை.

அதே அகலக் கணக்கிலிருந்து இன்னொன்றும் வரும். யாருமே பிடிக்காவிட்டால் ஒரு பெண் நண்டு தன் வாழ்நாளில் 100 பங்கு முட்டையிடும் என்று வைத்துக்கொள்வோம். பிடிக்கிற கடலில் அவளுக்கு எத்தனை பங்கு இட வாய்க்கிறது? 20க்குக் கீழே போனால் ஆபத்து. 30, 40 என்றால் மூச்சுவிடலாம். பாக்கு விரிகுடா, மன்னார் வளைகுடா நண்டுகளை இந்தோனேசிய நண்டுகளோடு ஒப்பிட்டு 2020இல் வெளிவந்த ஆய்வொன்றில் இலங்கை நண்டின் நிலை மேலாகவே இருந்தது. இதற்கு முன்பே, 2013 முதல், கடலுணவு ஏற்றுமதியாளர் சங்கமும் நாரா என்ற தேசிய நீர்வள ஆராய்ச்சி நிறுவனமும் இந்த நண்டுத் தொழிலைச் சீர்செய்யும் முயற்சியைத் தொடங்கியிருந்தன. போருக்குப் பின் வடக்கில் நண்டுச் சதை அமெரிக்காவுக்குப் போகும் சரக்காகிவிட்டிருந்தது.

ஆனால் கூடைக்கு வந்ததைத்தான் அளவுகோல் அளக்கும்; குஞ்சுகள் வளரும் இடத்தை அது காட்டாது. கரையில் சாதாழைக் குவியலாய் ஒதுங்கி நாற்றமடிக்கும்போது நாம் முகம் சுளிக்கிறோமே, அந்தக் கடற்புல்வெளிதான் குஞ்சு நண்டின் தொட்டில். கடற்பசுவின் மேய்ச்சலும் அதுவே. இழுவைமடி அந்தப் புல்லை வேரோடு உழுகிறது. இலங்கை 2017 யூலையில் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆனால் அக்கரையான தமிழ்நாட்டிலிருந்து வரும் இழுவைப்படகுகள் நிற்கவில்லை. கடற்பசுவுக்காகத் தமிழ்நாடு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரைக் காப்பகமாக அறிவித்தபோது எனக்கு உண்மையில் மகிழ்ச்சியாக இருந்தது. அந்தப் புல்லின் மதிப்பை அங்கே உணர்ந்துவிட்டார்கள். இராமேசுவரத்திலும் குருநகரிலும் ஒரே அளவுகோலால், ஒரே மாதத்தில் அளந்து, இரு பக்க ஏட்டையும் ஒன்றாக விரித்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஏனென்றால் கருஞ்சினை பொரிந்து வெளிவரும் குஞ்சுகளுக்கு நண்டின் சாயலே இருக்காது. முதுகில் ஒரு முள்ளும் பெரிய கண்களுமாய், ஊசிமுனையளவில், இரண்டு மூன்று கிழமை நீரோட்டத்தோடு அலையும். இரு நாடுகளுக்கும் இடையே 1974இல் வரைந்த எல்லைக்கோட்டை அவை எத்தனை தடவை தாண்டுகின்றனவோ, ஏதோ ஒரு கரையின் சாதாழைக்குள் இறங்கிய பிறகுதான் முதன்முதலாகப் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கும்.